ரோமில் இரண்டு நாள்: இடிபாடுகளையும் தேவாலயங்களையும் பிரிக்காதீர்கள்

கேள்வி: ஜூன் மாதம் இரண்டு நாள் ரோமில் தங்குகிறோம். முதல் நாள் இடிபாடுகள், இரண்டாம் நாள் தேவாலயங்கள் என்று திட்டமிட்டிருக்கிறேன். உடன் வரும் 68 வயது அம்மாவுக்கு முழங்கால் வலி. இந்தத் திட்டம் சரிவருமா?

பதில்: சரிவராது. பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ரோமன் ஃபோரத்தில் ஒதுங்க நிழல் அரிது. ஜூன் மாத நண்பகலில் அங்கே நடப்பது இளைஞர்களுக்கே கடினம். சிறிய தேவாலயங்களோ மதியம் பன்னிரண்டரை வாக்கில் கதவடைத்து, மூன்று மணிக்கு மேல்தான் திறக்கும். உங்கள் திட்டப்படி ஒரு நாள் வெயிலில் வாடுவீர்கள், மறுநாள் பூட்டிய கதவின் முன் நிற்பீர்கள். இரண்டையும் கலந்து பாருங்கள். அந்த நகரமே அப்படித்தான் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்திருக்கிறது.

முதல் நாள் காலை, கொலோசியம் திறக்கும் நேரத்துக்கே டிக்கெட் எடுங்கள். ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு அதிகாரபூர்வ இணையதளத்தில் விற்பனை தொடங்கும். டிக்கெட்டில் பெயர் அச்சாகும் என்பதால் பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டு செல்லுங்கள். கி.பி. 80இல் திறக்கப்பட்ட அரங்கம், படிகள் செங்குத்தானவை. லிஃப்ட் உண்டு, அம்மாவின் முழங்கால் வலியைச் சொல்லிக் கேளுங்கள்.

வெளியே வந்ததும் சில நிமிட நடையில் சான் கிளமென்டே. நேரம் குறைவாக இருந்தால் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள். தெருமட்டத்தில் 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். பீடத்துக்கு மேலே வளைவு முழுவதும் கொடிகள் சுருண்டோடும் பொன்னிற மொசைக். அதன் கீழே 4ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். இன்னும் கீழே இறங்கினால் முதல் நூற்றாண்டுக் கட்டடங்களும், ரோமானியர் வழிபட்ட மித்ரா தெய்வம் காளையைக் கொல்லும் காட்சி செதுக்கிய பலிபீடமும். இந்த அடித்தளங்களை 1857இல் அகழத் தொடங்கியவர் ஜோசப் முல்லூலி என்ற அயர்லாந்துத் துறவி. அடியில் எங்கோ நீர் ஓடும் ஓசை கேட்கும். கீழ்த்தளங்களுக்குத் தனி டிக்கெட் வேண்டும். படிகள் ஈரமாக இருக்கும். இறங்க முடியாவிட்டால் அம்மா மேலேயே அமர்ந்து மொசைக்கைப் பார்க்கட்டும், அதற்குக் கட்டணமில்லை. ஞாயிறு காலையில் மட்டும் போகாதீர்கள்.

மதியம் அறைக்குத் திரும்பி ஓய்வெடுங்கள். வெயில் தாழ்ந்தபின் ஃபோரம். கொலோசியம் டிக்கெட்டே அங்கும் செல்லும். பாலடைன் குன்றை விட்டுவிடுங்கள், ஏற்றம் அதிகம். பழைய பாதைக் கற்கள் மேடும் பள்ளமுமாக இருக்கும், செருப்பு போதாது, ஷூ வேண்டும். அங்கே அன்டோனினஸ்-ஃபாஸ்டினா கோயிலைத் தேடிப் பாருங்கள். ரோமானியத் தூண்களுக்குப் பின்னால் ஒரு தேவாலயம் நிற்கும். அதன் கதவு ஆளுயரத்துக்கும் மேலே அந்தரத்தில் இருக்கும். அந்தக் கதவு வைத்த காலத்தில் மண் அதுவரை மேடிட்டிருந்தது. பிறகு தோண்டியதில் தரை இறங்கிவிட்டது. சற்றுத் தள்ளி மக்சென்டியஸ் பசிலிக்கா, இது தேவாலயமல்ல, ரோமானியர் காலப் பொதுமண்டபம். அது எழுவதற்கு முன் அங்கே பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்குகள் இருந்தன. நம் மேற்குக் கடற்கரையில் ஏற்றிய மிளகு வந்து குவிந்த இடம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அவ்வளவு நடக்க முடியாதென்றால், காபிடோல் குன்றின் பின்பக்க மாடத்திலிருந்து முழு ஃபோரத்தையும் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

இரண்டாம் நாள் காலை சாந்தா பிராசெதே தேவாலயம். 9ஆம் நூற்றாண்டில் முதலாம் பாஸ்கல் என்ற போப் தன் தாய் தியோதோராவுக்காக இதன் உள்ளே ஒரு சிறு ஆலயம் எழுப்பினார். சுவரும் கூரையும் பொன் மொசைக். அந்தத் தாயின் தலைக்குப் பின் ஒளிவட்டம் சதுரமாக இருக்கும். படம் வரைந்தபோது அவர் உயிரோடு இருந்ததற்கான குறி அது. உள்ளே இருட்டு, பெட்டியில் காசு போட்டால்தான் விளக்கு எரியும், சில்லறை வைத்திருங்கள். அருகிலேயே சாந்தா மரியா மஜோரே என்ற பெரிய தேவாலயம், மதியமும் திறந்திருக்கும்.

நண்பகலுக்குப் பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயில். 609 முதல் தேவாலயமாக இருப்பதால்தான் இடியாமல் தப்பியது. 43 மீட்டர் அகலக் குவிமாடத்தின் உச்சித் திறப்பு வழியே ஜூன் மாத நண்பகல் ஒளி தரையில் வட்டமாக விழும். டிக்கெட்டை முன்பதிவு செய்யுங்கள். ஞாயிறு என்றால் திருப்பலி நேரத்தைத் தவிர்த்துப் போங்கள்.

தேவாலயங்களில் தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். அம்மாவின் சேலைக்குத் தடையில்லை. நீங்கள் அரைக்கால் சட்டையைத் தவிருங்கள். தெருக் குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம், பாட்டிலில் நிரப்பிக்கொள்ளுங்கள். மெட்ரோவிலும் நெரிசலான பஸ்களிலும் ஜேப்படித் திருட்டு உண்டு. கைப்பை உடலின் முன்பக்கம் இருக்கட்டும்.