சூரியனுக்கு வளைந்த கடிகாரம்

அன்புள்ள ஐயா,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். வாரம் ஒரு ஷிஃப்ட். இந்த வாரம் நைட் என்றால் அடுத்த வாரம் மதியம், அதற்கடுத்த வாரம் காலை, மறுபடியும் நைட். சில வருடங்களாக இப்படித்தான் ஓடுகிறது. பகலில் படுத்தால் தூக்கம் பிடிப்பதில்லை. பிடித்தாலும் இரண்டு மணி நேரத்தில் விழிப்பு வந்துவிடுகிறது. வயிறும் சரியில்லை.

என் பாட்டி தர்மபுரிப் பக்கம் ஒரு கிராமத்தில் கடிகாரமே இல்லாமல் வாழ்ந்தவர். கோழி கூப்பிட எழுந்திருப்பார், விளக்கு வைக்கிற நேரத்துக்கு அடுப்பை மூட்டுவார். வயதான காலத்திலும் நோய் என்று படுத்ததில்லை. மணிக்கணக்கும் ஆங்கிலத் தேதியும் செயற்கை, நம்மை அடிமையாக்க வந்தவை என்று எனக்குத் தோன்றுகிறது. வருடத்துக்கு 13 மாதம், மாதத்துக்கு 28 நாள் என்பதுதான் நிலாவை ஒட்டிய இயற்கையான கணக்கு, அதை மறைத்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியும் வந்தது. இயற்கையான காலத்துக்குத் திரும்ப வழி இருக்கிறதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகி)

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் உடம்பு சொல்வது சரி. அதற்கு நீங்கள் சொல்லும் காரணம்தான் எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தக் காரணத்தையே பிடித்துக்கொண்டு போனால், உங்களுக்கு உண்மையிலேயே உதவக்கூடிய ஒரு விஷயம் கண்ணில் படாமல் போய்விடும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த வாட்ஸ்அப் செய்தி. ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் இடையே சராசரியாக 29.53 நாள். மாதத்துக்கு 28 நாள் என்று வைத்தால் ஒவ்வொரு மாதமும் நிலா ஒன்றரை நாள் விலகிக்கொண்டே போகும். இன்று ஒன்றாம் தேதி பௌர்ணமி என்றால், பத்து மாதம் கழித்து வரும் ஒன்றாம் தேதி அமாவாசை. நிலாவுக்கும் அந்தக் கணக்குக்கும் ஒட்டே இல்லை. 13 மாதத் திட்டத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முன்வைத்தவர் மோசஸ் காட்ஸ்வொர்த், இங்கிலாந்தில் ரயில்வேயில் புள்ளிவிவரம் பார்த்தவர். எல்லா மாதமும் ஒரே நீளமாக இருந்தால் இந்த மாத வரவு செலவைப் போன மாதத்தோடு ஒப்பிடுவது சுலபம். அதுதான் அவருடைய அக்கறை. கோடாக் கம்பெனி 1928 முதல் 1989 வரை இந்த நாட்காட்டியைத்தான் வைத்திருந்தது. இயற்கை என்று உங்களுக்கு அனுப்பப்பட்டது, கணக்கர்கள் தங்கள் வசதிக்காக உருவாக்கிய நாட்காட்டி.

நம் தமிழ் மாதங்கள் அந்த வகையில் எவ்வளவோ மேல். சூரியன் ஒரு ராசியைக் கடக்க எத்தனை நாள் ஆகிறதோ அத்தனை நாள் அந்த மாதம். ஜூலைத் தொடக்கத்தில் பூமி சூரியனிலிருந்து மிகவும் விலகி மெதுவாகப் போகிறது, அதனால் ஆனிக்கு 32 நாள்கூட வரும். ஜனவரித் தொடக்கத்தில் நெருங்கி வேகமாகப் போவதால் மார்கழி 29 நாளில் முடிந்துவிடுவதுண்டு. இதை எண்ணிப் பார்க்கும்போது எனக்கு இப்போதும் வியப்பாக இருக்கிறது. ஆனாலும் இந்தக் கணக்கு நட்சத்திரங்களை அளவாகக் கொண்டது, பருவங்களை அல்ல. ஏறக்குறைய 70 வருடத்துக்கு ஒரு நாள் வீதம் பருவத்திலிருந்து நழுவிக்கொண்டே இருக்கிறது. தை முதல் நாள் உத்தராயணம் என்கிறோம். வானத்தில் சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22 வாக்கில். நாளும் மாதமும் வருடமும் ஒன்றுக்குள் ஒன்று மிச்சமில்லாமல் அடங்குவதே இல்லை. எந்த ஊர் நாட்காட்டியானாலும் மனிதர்கள் உட்கார்ந்து பேசி, எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவுசெய்து உண்டாக்கியதுதான். இயற்கைக் காலம் ஒன்று எங்கோ கலப்படமில்லாமல் இருந்தது, அதை யாரோ திருடிவிட்டார்கள் என்பது நடந்த கதை இல்லை.

அப்படியானால் உங்கள் கோபத்துக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. அதைச் சொல்ல ஜப்பானுக்குப் போக வேண்டும்.

ஐரோப்பியர் வழியாக இயந்திரக் கடிகாரம் பதினாறாம் நூற்றாண்டில் ஜப்பானுக்குள் வந்தது. அங்கே அப்போது விடியலிலிருந்து அந்தி வரை ஆறு பங்கு, அந்தியிலிருந்து விடியல் வரை ஆறு பங்கு என்று நாளைப் பிரித்திருந்தார்கள். கோடையில் பகல் நீளும், பகல் பங்கும் நீளும். அன்றைய எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், கோடையில் ஒரு பகல் பங்கு நம் கணக்கில் இரண்டரை மணி நேரத்தையும் தாண்டும், குளிர்காலத்தில் இரண்டு மணிக்கும் குறைந்துவிடும். வந்த கடிகாரமோ எல்லா மணியையும் ஒரே நீளமாக அடிப்பது. ஜப்பானியக் கைவினைஞர்கள் வாழ்க்கையை மாற்றவில்லை, கடிகாரத்தை மாற்றினார்கள். உள்ளே எடை தொங்கும் ஆடுதண்டு ஒன்றுக்குப் பதில் இரண்டு வைத்தார்கள், பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. விடியலிலும் அந்தியிலும் இயந்திரம் தானே ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறிக்கொள்ளும். பருவம் நகர நகர, சுமார் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அந்த எடைகளைக் கொஞ்சம் தள்ளி வைப்பார்கள். வேறு சிலர் எண்களையே நகரும் தகடுகளாகச் செய்து, நெருக்கியும் விலக்கியும் வைத்தார்கள். 1851ல் தனாகா ஹிசாஷிகே என்பவர் செய்த கடிகாரத்தில் அந்தத் தகடுகள் வருடம் முழுக்கத் தாமாகவே நகர்ந்தன. ஒருமுறை சாவி கொடுத்தால் ஒரு வருடம் ஓடும்படி அதை அமைத்திருந்தார். பின்னாளில் தோஷிபாவாக வளர்ந்த கம்பெனிக்கு வித்திட்டவரும் அவரே.

எனக்கு இது சாதாரணச் செய்தியாகத் தோன்றவில்லை. கடிகாரம் என்றாலே அது சூரியனை விரட்டிவிட்டு உட்காரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஏறக்குறைய இருநூற்று ஐம்பது வருடம் ஒரு நாட்டில் பல்சக்கரமும் சூரியனும் ஒத்துப் போயிருக்கின்றன. இயந்திரத்துக்கு அது முடியாத காரியம் இல்லை.

அப்புறம் அது எப்படிப் போனது? ஜப்பானில் மெய்ஜி பேரரசரின் அரசு 1872 டிசம்பர் 9 அன்று ஓர் ஆணை போட்டது. பழைய நாட்காட்டியின் பன்னிரண்டாம் மாதம் மூன்றாம் நாள், 1873 ஜனவரி 1 ஆகிவிடும். அன்று முதல் நாளுக்கு 24 சம மணி. ஊர் தயாராகக் கிடைத்தது 23 நாள். அடுத்த வருடத்துக்கான பழைய பஞ்சாங்கங்கள் ஏற்கெனவே அச்சாகிவிட்டிருந்தன, அச்சிட்டவர்களுக்குப் பெருத்த நஷ்டம். மேற்கு நாடுகளோடு ஒத்துப்போவது ஒரு காரணம். இன்னொன்று சம்பளம். பழைய கணக்கில் அடுத்த வருடத்துக்கு ஓர் அதிக மாதம் சேர்ந்து 13 மாதம் வந்திருக்கும். அரசு அப்போதுதான் மாதச் சம்பளத்துக்கு மாறியிருந்தது, கஜானாவில் பணம் இல்லை. புது நாட்காட்டியால் அந்த அதிக மாதச் சம்பளமும், இரண்டே நாளில் முடிந்துபோன பன்னிரண்டாம் மாதச் சம்பளமும் மிச்சமாயின. அந்த அரசில் முக்கியப் பொறுப்பில் இருந்த ஓகுமா ஷிகெனொபுவே பணநெருக்கடியைப் பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

இந்த மாற்றத்தில் பருவம் தவறிய திருவிழாவும் உண்டு. ஏழாம் மாதம் ஏழாம் நாள் தனபாட்டா என்று ஒரு திருவிழா. ஆகாயத்தின் பால்வீதிக்கு இருபுறமும் பிரிந்திருக்கும் இரண்டு நட்சத்திரங்கள் அந்த ஓர் இரவுதான் சேர முடியும், மழை பெய்தால் அதுவும் இல்லை என்பது நம்பிக்கை. பழைய கணக்கில் அது மழை ஓய்ந்து வானம் தெளிந்த நாட்களில் வந்தது. இப்போது ஜூலை 7, நாட்டின் பெரும்பகுதியில் மழைக்காலத்தின் நடுவில். செண்டாய் போன்ற சில ஊர்கள் ஒரு மாதம் தள்ளி ஆகஸ்டில் கொண்டாடுகின்றன.

நம் நாட்டிலும் இதே கதைதான். 1884ல் பம்பாய் மில் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகாண்டே கொடுத்த மனுவில், வேலை காலை ஆறரைக்குத் தொடங்கி சூரியன் மறையும்போது முடிய வேண்டும், நடுப்பகலில் அரை மணி ஓய்வு வேண்டும், ஞாயிறு விடுமுறை வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஒரு முனையில் மணி, மறுமுனையில் சூரியன். அவர்களுக்கு இரண்டுமே தேவைப்பட்டன. ஏனென்றால் விடிந்தது முதல் அடைந்தது வரை என்ற 'இயற்கை'க் கணக்கில்தான் மில்காரர்கள் அவர்களைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். உங்கள் பாட்டி காலத்திலும் வெள்ளி முளைக்கும் முன்பே அடுத்தவர் கிணற்றில் நீர் இறைக்கப் போனவர்கள் உண்டு. எட்டு மணி நேர வேலை என்று எண்ணிச் சொல்ல முடிந்ததே தொழிலாளிக்குக் கடிகாரம் கொடுத்த வலிமை. அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அதே பம்பாயில் 1906 ஜனவரியில் இந்திய நேரம் வந்தபோது, ஊர்க் கடிகாரத்தை 39 நிமிடம் முன்னே தள்ள வேண்டியிருந்தது. அதாவது அத்தனை முன்னதாக, இருட்டில் எழுந்து மில்லுக்கு ஓட வேண்டும். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் தறியை விட்டு வெளியே வந்து கல்லெறிந்தார்கள். அவர்களிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் மட்டும் இன்றும் 'பாகான் டைம்' என்று ஒரு மணி நேரம் முன்னால் வைத்த கடிகாரம் ஓடுகிறது. அங்கே கிழக்குக் கோடியில் ஜூனில் நாலரைக்கு முன்பே விடிந்துவிடும், டிசம்பரில் மாலை நாலரைக்கெல்லாம் சூரியன் போய்விடும். வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் கூடுதல் இலை பறிக்க வேண்டும் என்றுதான் அதைக் கொண்டுவந்தார்கள். ஆனால் வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்ப முடிவது, பறிக்கிற பெண்களுக்கு உண்மையான லாபம்.

இனி உங்கள் ஷிஃப்ட். மனித உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் சரியாக 24 மணிக்கு ஓடுவதில்லை. சராசரியாகச் சில நிமிடங்கள் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. தினமும் காலை வெளிச்சம்தான் அதைத் திருத்திவைக்கிறது. அதனால் தூங்கும் நேரத்தைத் தள்ளிப்போடுவது உடம்புக்குக் கொஞ்சம் சுலபம், முன்னே இழுப்பது கஷ்டம். நீங்கள் எழுதியிருக்கும் வரிசையைப் பாருங்கள்: நைட், மதியம், காலை. ஒவ்வொரு வாரமும் எட்டு மணி நேரம் முன்னே இழுக்கிறார்கள். உடம்புக்கு ஏற்காத திசை. அது ஓரளவு பழகுவதற்குள் வாரமும் முடிந்துவிடுகிறது.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பெரிய உப்பு ஏரிக் கரையில் தாது எடுக்கும் ஓர் ஆலையில் இதே வரிசைதான் இருந்தது, இதே புகார்களும் இருந்தன. காலை, மதியம், நைட் என்று திருப்பி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றிப் பார்த்தார்கள். தொழிலாளர்களின் திருப்தி கூடியது, உடம்பு தேவலை என்று அவர்களே சொன்னார்கள், உற்பத்தியும் கூடியது. அந்த ஆய்வு 1982ல் வெளியானது. நைட் ஷிஃப்டின் கெடுதல் இதனால் முழுக்கத் தீராது, அதைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. வயிற்றுக்கும் தூக்கத்துக்கும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள், ஷிஃப்ட் முறையையும் அவரிடம் சொல்லுங்கள்.

ஆனால் வரிசையைத் திருப்ப நிர்வாகத்துக்குப் புது இயந்திரமோ கூடுதல் ஆளோ தேவையில்லை. உங்களோடு வேலை பார்க்கிறவர்களிடம் பேசுங்கள், சங்கம் இருந்தால் அதன் வழியாக எழுத்தில் கேளுங்கள். உற்பத்தி கூடியது என்ற வரியை மனுவின் முதல் பத்தியிலேயே வையுங்கள். மனு எழுத உதவி வேண்டுமானால், உங்கள் ஷிஃப்ட் அட்டவணையை அப்படியே எனக்கு அனுப்பிவையுங்கள், சேர்ந்து எழுதலாம்.

அன்புடன்.