மனசு சரியில்லாதபோது எதைப் படிப்பீர்கள்: நகைச்சுவையா, ஆறுதல் கதையா, மர்ம நாவலா?

ஏற்கெனவே படித்து முடித்த மர்ம நாவல். கொலைகாரன் யார் என்று நினைவிருந்தால் இன்னும் நல்லது.

அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்த அன்று பையில் மூன்று புத்தகங்கள் எடுத்துப் போயிருந்தேன், நீங்கள் கேட்ட மூன்று வகையிலும் ஒவ்வொன்று. முதலில் நகைச்சுவையைப் பிரித்தேன். ஒரே பத்தியை நாலு தடவை படித்தும் உதடு அசையவில்லை. ஜோக்கில் பாதி வேலை படிப்பவனுடையது, அன்றைக்கு என்னிடம் அந்தப் பாதி இல்லை. அடுத்தது ஆறுதல் கதை. அட்டையில் பூனை. உள்ளே வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரும் தத்துவம் பேசினார்கள். "எல்லாம் சரியாகிவிடும்" என்று மூன்றாவது ஆள் சொன்னதும் எரிச்சலில் மூடிவிட்டேன். (மற்ற நாட்களில் இந்த வகையை விரும்பிப் படிப்பவன்தான். ஒருவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதையே இரண்டு பக்கத்துக்கு எழுதினாலும் ரசிப்பேன். அறிவுரை ஆரம்பித்தால்தான் ஆகாது.)

கடைசியில் கைகொடுத்தது, அகதா கிறிஸ்டி எழுதி 1926ல் புத்தகமாக வந்த ரோஜர் அக்ராய்ட் கொலைக் கதை. எனக்கு அது மூன்றாவது வாசிப்பு. முதல் தடவை முடிவைப் பிடிக்க ஓடியிருந்தேன். முடிவு தெரிந்தபின் படித்தால்தான், அந்த அம்மாள் துப்பை நம் மூக்குக்கு நேரே வைத்துவிட்டு நம்மை எப்படி வேறு பக்கம் பார்க்க வைத்தார் என்பது புரிகிறது. சாதாரணமாகக் கடந்துபோன ஒரு வாக்கியத்தில் அப்படியே நின்றுவிட்டேன். எது என்று சொன்னால் படிக்காதவர்களின் பாவம் என்னைச் சேரும். யார் எத்தனை மணிக்கு எங்கே இருந்தார்கள், நாற்காலி ஏன் நகர்ந்திருந்தது என்று மனசுக்குச் செய்ய ஒரு வேலை கிடைத்தது. கதவு திறக்கிறதா என்று பார்ப்பதையும் கொஞ்ச நேரம் மறந்தேன். பயந்துகொண்டிருக்கும்போது இது பெரிய உதவி.

அதற்காக நகைச்சுவையைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அதே கிறிஸ்டி 1969ல் வந்த 'ஹாலோவீன் பார்ட்டி' நாவலை நகைச்சுவை எழுத்தாளர் உட்ஹவுஸுக்குத்தான் சமர்ப்பித்தார், பல வருஷங்களாகத் தன் வாழ்க்கைக்கு ஒளியூட்டிய எழுத்து என்று சொல்லி. விஷக் குப்பிகளோடு காலம் தள்ளியவருக்கும் சிரிப்பு தேவைப்பட்டிருக்கிறது!

எங்கள் வீட்டில் அதன் முறை நாலு நாள் கழித்து வந்தது. படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்த அப்பா கேட்டது தேவனின் 'துப்பறியும் சாம்பு'. சாம்பு பாங்கி குமாஸ்தா, ஊரே அசடு என்று ஒதுக்கிய ஆள். தடுக்கி விழுந்தால் திருடன் மேல் விழுவான், உளறினால் அது துப்பாகிவிடும். மர்மமும் சிரிப்பும் ஒரே இலையில். நான் வாசிக்க, அப்பா வயிற்றைத் தலையணையால் அழுத்திக்கொண்டு, "மெதுவாடா, தையல் இழுக்குது" என்றார். சரி, நாளைக்குப் படிக்கலாம் என்று மூடப் போனேன்.

"இன்ஸ்பெக்டர் கோபாலன் என்ன சொன்னார்னு மட்டும் சொல்லிட்டு மூடு."