நரம்புத் தளர்ச்சி என்னும் சொல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் மருந்துக்கடை வைத்திருந்த நாட்களைப் பற்றி எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். அதனால்தான் இதைக் கேட்கும் துணிச்சல் வந்தது. எனக்கு 46 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சுகர் வந்து ஏழு வருடம் ஆகிறது. பிபி மாத்திரை மூன்று வருடமாகச் சாப்பிடுகிறேன். சிகரெட் உண்டு, நாளைக்கு ஐந்தாறு.

இரண்டு வருடமாக விறைப்பு சரியாக வருவதில்லை. வந்தாலும் பாதியில் போய்விடுகிறது. முன்பெல்லாம் காலையில் எழும்போதாவது இருக்கும், இப்போது அதுவும் இல்லை. விளம்பரம் பார்த்து, மாதம் ஒருமுறை லாட்ஜில் வந்து தங்கும் பரம்பரை வைத்தியர் ஒருவரிடம் போனேன். நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "இளமையில் செய்த தவறு, நரம்புத் தளர்ச்சி" என்றார். லேகியம், சூரணம், தைலம் என்று இதுவரை 38,000 ரூபாய் ஆகிவிட்டது. சூரணம் சாப்பிட்ட இரவுகளில் மட்டும் கொஞ்சம் பலன் தெரிந்தது. ஆனால் முகம் சூடாகி, மூக்கடைத்து, தலைவலி வந்துவிடுகிறது.

வீட்டில் எதுவும் கேட்பதில்லை. எனக்கு வேறு தொடர்பு இருக்குமோ என்று அவள் நினைப்பதாகப் படுகிறது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பது அவளைப் பிடிக்காமல் இல்லை, மறுபடியும் தோற்றுவிடுவேனோ என்ற பயத்தில்தான். இதை அவளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

சின்ன வயதுப் பழக்கம்தான் இதற்குக் காரணமா? இங்கிலீஷ் மாத்திரை போட்டால் ஹார்ட் நின்றுவிடும் என்கிறார்களே, உண்மையா? இதற்கு எந்த டாக்டரிடம் போவது? பெயர் வேண்டாம் ஐயா.

*

அன்புள்ள நண்பருக்கு,

பெயரோடு இன்னும் சில அடையாளங்களையும் எடுத்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை. டி.பார்ம் முடித்து 22 வருடம் கடை நடத்தியவன், அவ்வளவுதான். ஆனால் நம் ஊரில் ஆண்கள் இந்த விஷயத்தை டாக்டருக்கு முன்னால் மருந்துக்கடைக்காரனிடம்தான் சொல்வார்கள். அதுவும் வாயால் இல்லை. கடையில் பெண்கள் யாராவது நின்றால், எதிர் டீக்கடையில் ஒரு டீயை அரைமணி நேரம் குடிப்பார்கள். கூட்டம் கலைந்ததும் வந்து முதலில் ஒரு தலைவலி மாத்திரை கேட்பார்கள். அப்புறம் உள்ளங்கையில் மடித்து வைத்திருந்த காலி அட்டையை மேஜைமேல் வைத்து, "ஒரு நண்பருக்கு" என்பார்கள். அந்த நண்பரை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

உங்கள் முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: இல்லை. கை பழக்கத்தால் நரம்பு தளர்வதும் இல்லை, விந்து வீணாகி உடம்பு உருகுவதும் இல்லை. இந்தப் பயமே இந்தியத் துணைக்கண்டத்தில் எவ்வளவு பரவலானது என்றால், 1960-இல் மனநல மருத்துவர் என். என். விக் அதற்கு 'தாத் சிண்ட்ரோம்' என்று தனிப்பெயரே வைக்க வேண்டி வந்தது. நாம் விந்து என்று சொல்லும் அதே 'தாது'தான் அது. நோய் விந்து போவதில் இல்லை, போகிறதே என்று பயப்படுவதில் இருக்கிறது.

எனக்கு அதைவிடக் கோபம் வருவது 'நரம்புத் தளர்ச்சி' என்ற சொல்மேல்தான். தமிழில் நாம் மூளையிலிருந்து வருவதையும் நரம்பு என்கிறோம், கையில் புடைத்துத் தெரிகிற இரத்தக் குழாயையும் நரம்பு என்கிறோம். 'நரம்பு ஊசி' என்று நர்ஸ் சொல்வது இரத்தக் குழாயில் போடுகிற ஊசியைத்தான். இந்தக் குழப்பத்தில்தான் லாட்ஜ் வைத்தியர் கடை விரிக்கிறார். போதாததற்கு, அந்தச் சொல்லின் பின்பாதி உண்மைக்கு நேர் எதிரானது. அங்கே விறைப்பு வர வேண்டுமென்றால் ஒன்று தளர்ந்தாக வேண்டும்!

எப்படி என்று சொல்கிறேன். ஆணுறுப்புக்குள் எலும்பு கிடையாது. பஞ்சுபோன்ற இரண்டு உருளைகள் இருக்கின்றன. சாதாரண நேரத்தில் அவற்றுக்குப் போகும் இரத்தக் குழாய்களின் தசைச்சுவர் இறுகி, இரத்தத்தை அளவாகத்தான் உள்ளே விடும். ஆசை வந்ததும் நரம்பு முனைகளிலிருந்தும் குழாயின் உட்பூச்சிலிருந்தும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு கசியும். அது பட்டதும் தசை தளரும், இரத்தம் பாயும், பஞ்சு ஊறிப் பருக்கும். அந்தப் பருமனே வெளியேறும் குழாய்களை உறையோடு வைத்து நசுக்கிவிடுவதால் உள்ளே வந்த இரத்தம் தங்கும். பயந்தால் அட்ரினலின் சுரந்து அதே தசையை இறுக்கிவிடும். தோற்றுவிடுவோமோ என்று நினைத்தபடி படுக்கைக்குப் போகிறவர் தோற்பது இதனால்தான். உங்களுக்குத் தளர்ச்சி இல்லை, தளர முடியாததுதான் சிக்கல்.

இதை நிரூபித்த விதம் ஒன்று உண்டு. ஜைல்ஸ் பிரிண்ட்லி என்ற பிரிட்டிஷ் உடலியல் விஞ்ஞானி 1983-இல் லாஸ் வேகாஸில் சிறுநீரியல் மருத்துவர்களின் மாநாட்டுக்கு வந்தார். இரத்தக் குழாயைத் தளர்த்தும் மருந்தை ஹோட்டல் அறையிலேயே தன் உறுப்பில் ஊசியாகப் போட்டுக்கொண்டு, தொளதொளப்பான கால்சட்டையோடு மேடையேறினார். சொற்பொழிவாற்றுவது யாருக்கும் கிளர்ச்சி தருகிற காரியம் இல்லை என்று சொல்லிவிட்டு, கால்சட்டையை இறக்கிக் காட்டினார். சபையில் டாக்டர்களின் மனைவிமார்களும் இருந்தார்கள். அவருக்கு அப்போது ஐம்பதைத் தாண்டிய வயது. மனதில் எந்த ஆசையும் இல்லாமல், குழாய் தளர்ந்தால் மட்டுமே போதும் என்பதை அதற்கு முன்னால் யாரும் இவ்வளவு பச்சையாகக் காட்டியதில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, காலையிலும் இல்லை என்பது. ஆரோக்கியமான ஆணுக்குத் தூக்கத்தில், கனவு ஓடும் நேரங்களில், இரவுக்கு மூன்று முதல் ஐந்து தடவை தானாகவே விறைப்பு வரும். காலையில் நாம் பார்ப்பது அதன் கடைசித் தவணை. ஒரு காலத்தில் படுக்கப்போகும் முன் உறுப்பைச் சுற்றித் தபால்தலைகளை வளையமாக ஒட்டிவிட்டு, விடிந்ததும் கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். தபால்தலை கிழிந்திருந்தால் இயந்திரம் ஓடுகிறது, சிக்கல் பெரும்பாலும் மனதில் என்று அர்த்தம். உங்களுக்கு அதுவும் நின்றுவிட்டதென்றால், முதல் காரணம் உடம்பில் இருக்கவே அதிக வாய்ப்பு. பயம் அதன்மேல் பிறகு வந்து ஏறிக்கொண்டிருக்கும்.

ஏழு வருட சுகர், பிபி, சிகரெட். இந்த மூன்றும் சேர்ந்து அரிப்பது இரத்தக் குழாயின் உட்பூச்சை, அதாவது அந்த நைட்ரிக் ஆக்சைடு சுரக்கிற இடத்தையே. சுகர் கூடுதலாக நரம்பு முனைகளையும் கெடுக்கும். சுகர் உள்ள ஆண்களில் பாதிப்பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது உண்டு, மற்றவர்களைவிடப் பத்துப் பதினைந்து வருடம் முன்னாலேயே வந்துவிடும். ஆக, நீங்கள் தனி ஆள் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பயமுறுத்த இல்லை. உறுப்புக்குப் போகும் தமனியின் உள்விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத்தின் தமனி 3, 4 மில்லிமீட்டர் இருக்கும். வீட்டுக் குழாயில் உப்பு படிந்தால் எந்தக் குழாய் முதலில் அடைபடும்? சின்னதுதான். அதனால் கீழே ஏற்படுகிற இந்தத் தடங்கல், நெஞ்சுவலிக்கு இரண்டு மூன்று வருடம் முன்னாலேயே வந்து நிற்கிற அறிவிப்பாக இருப்பது சகஜம். நீங்கள் வெட்கப்பட்டு லாட்ஜுக்குப் போன அந்த நாட்களில் ஒரு ஈசிஜி எடுத்திருக்க வேண்டும். இப்போதும் தாமதமாகிவிடவில்லை.

அந்தச் சூரணம். முகம் சூடாவது, மூக்கடைப்பு, தலைவலி என்று நீங்கள் அடுக்கியதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, மன்னியுங்கள். இவை வயாகராவில் இருக்கும் சில்டெனாஃபில் என்ற மருந்தின் மாத்திரை அட்டைக்குள் வருகிற காகிதத்தில் அச்சடித்திருக்கும் பக்கவிளைவுகள். சோதித்துப் பார்க்காமல் நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் 'மூலிகை' என்று விற்கிற பொடிகளில் இதை இடித்துக் கலப்பது உலகெங்கும் பிடிபட்ட பழைய தந்திரம். உங்களுக்கு எத்தனை மில்லிகிராம் போனது என்பது கலந்தவருக்கே தெரியாது. இதைச் சாப்பிடுவதை இன்றோடு நிறுத்துங்கள். ஆண்மையைப் பெருக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். ஆனாலும் பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவர்களைப் பார்த்தால் அப்படியொரு சட்டம் இருப்பதாகத் தோன்றாது.

ஹார்ட் நின்றுவிடுமா? சில்டெனாஃபில் மருந்தே இதயத்துக்காகப் பிறந்ததுதான். இங்கிலாந்தில் சாண்ட்விச் என்ற ஊரில் ஃபைசர் கம்பெனி நெஞ்சுவலிக்காகச் செய்து பார்த்தது. நெஞ்சுவலிக்குப் பெரிதாக உதவவில்லை, ஆனால் சோதனைக்கு வந்த ஆண்கள் வேறொரு பலனைச் சொன்னார்கள். 1998 மார்ச்சில் வயாகரா என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதே வருடம்தான் நைட்ரிக் ஆக்சைடு இரத்தக் குழாய்களில் செய்யும் வேலையைக் கண்டுபிடித்ததற்காக மூன்று பேருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. மாத்திரை கதவைத் திறப்பதில்லை. ஆசை திறந்த கதவு சட்டென்று மூடிவிடாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் ஆசை இல்லாமல் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டுக் காத்திருந்தால் ஒன்றும் நடக்காது. வயிறு முட்ட பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போட்டாலும் சில்டெனாஃபில் வேலையைத் தாமதமாகத்தான் தொடங்கும். ஒரு தடவை போட்டுப் பார்த்து 'எனக்குக் கேட்கவில்லை' என்று விட்டவர்கள் ஏராளம். சரியான முறையில் ஆறேழு தடவையாவது பார்த்த பிறகுதான் டாக்டர்கள் அப்படி முடிவு செய்வார்கள்.

உயிருக்கு ஆபத்து ஒரு இடத்தில் நிஜமாகவே இருக்கிறது. என் கடையில் நடந்ததையே சொல்கிறேன். அறுபதை நெருங்கிய ஒருவர், வழக்கமான 'நண்பருக்காக' ஒரு இரவு வந்தார். சீட்டு இல்லை. அவரை எனக்குத் தெரியாது, ஆனால் கூட வண்டியில் உட்கார்ந்திருந்த மகனைத் தெரியும். அந்தப் பையனின் அம்மா மாதாமாதம் என்னிடம் வாங்கும் மாத்திரைகளில் சார்பிட்ரேட்டும் உண்டு. "இவன் அப்பாவுக்கு, நெஞ்சு அடைத்தால் நாக்குக்கு அடியில் வைக்க" என்று அந்த அம்மாளே ஒருமுறை சொல்லியிருக்கிறார். சார்பிட்ரேட் ஒரு நைட்ரேட் வகை மருந்து. அந்த வகை மருந்தும் சில்டெனாஃபிலும் உடம்பில் சந்தித்தால் இரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போகும், மீட்க முடியாமலும் போகலாம். இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அவர் முகம் இருண்டது. மகன் காதில் விழுமே என்று காரணத்தை உரக்கச் சொல்லவும் முடியவில்லை. மறுநாள் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என் கடைக்கு வரவே இல்லை. வேறு கடையில் வாங்கியிருப்பாரோ என்று பல நாள் பயந்துகொண்டிருந்தேன். சில்டெனாஃபில் போட்ட 24 மணி நேரத்துக்குள், அதே வகையைச் சேர்ந்த தடாலாஃபில் என்றால் 48 மணி நேரத்துக்குள், நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். வெட்கப்பட்டு மறைத்தால் அவர்கள் நைட்ரேட் கொடுத்துவிடுவார்கள்.

நைட்ரேட் எடுக்காதவர், மூச்சு வாங்காமல், நெஞ்சு வலிக்காமல் இரண்டு மாடி ஏறக்கூடியவர் என்றால், டாக்டர் பார்த்து எழுதித் தருகிற மாத்திரையால் பொதுவாகப் பயமில்லை. விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் இருந்தால் மட்டும் நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

எந்த டாக்டர்? முதலில் உங்கள் சுகர் டாக்டரே போதும். எச்பிஏ1சி (மூன்று மாத சுகர் சராசரி), கொலஸ்ட்ரால், ஈசிஜி பார்ப்பார். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைப் பார்க்கச் சொன்னால் காலையிலேயே இரத்தம் கொடுங்கள், பகல் ஏற ஏற அது குறையும். பிபி மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அட்டெனோலால் போன்ற பழைய வகைகளும், சிறுநீர் பிரிக்கும் வகைகளும் விறைப்பைக் குறைக்கலாம், மாற்றுவதற்கு வேறு உண்டு. ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு ஆபத்து. மாத்திரைக்கும் கேட்கவில்லை என்றால் யூராலஜி, அதாவது சிறுநீரியல் டாக்டரிடம் அனுப்புவார். காற்றை உறிஞ்சும் பம்பு, பிரிண்ட்லி போட்டதுபோன்ற ஊசி, கடைசியாக ஆபரேஷன் செய்து உள்ளே வைக்கிற கருவி வரை இருக்கிறது. பெரும்பாலோருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டி வராது. சிகரெட்டை மட்டும் எந்த டாக்டருக்கும் காத்திருக்காமல் விடலாம்.

அப்புறம், மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள், ஆள்தான் மாறிப்போனது. 'நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பது' என்று தொடங்குகிறதே, அந்த வாக்கியத்தை எனக்கு எழுதியதற்குப் பதில் அவரிடம் அப்படியே சொல்லுங்கள். விளக்கை அணைத்த பிறகு சொன்னாலும் பரவாயில்லை. அவர் வந்தால் டாக்டரிடம் போகும்போது கூட்டிப்போங்கள். மாத்திரை அட்டைகளையெல்லாம் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சூரண டப்பாவையும்தான், டாக்டர் திட்டினால் திட்டட்டும்.