இந்தியாவின் தலைசிறந்த பேட்ஸ்மேன் சச்சினா, கவாஸ்கரா?

ஒருநாள் ஆட்டம் என்றால் மறுபேச்சில்லாமல் சச்சின். டெஸ்ட் என்றால் என் ஓட்டு கவாஸ்கருக்கு. சச்சினின் 15,921 ரன், 51 சதம் எல்லாம் தெரிந்தேதான் சொல்கிறேன்.

கவாஸ்கர் 1971இல் வெஸ்ட் இண்டீஸில் அறிமுகமான தொடரிலேயே நான்கு டெஸ்ட்டில் 774 ரன். பிறகு அந்த அணியில் ராபர்ட்ஸ், ஹோல்டிங், மார்ஷல் என வேகப்புயல்கள் வந்தபோதும் ஹெல்மெட் இல்லாமலே புதுப்பந்தைச் சந்தித்தார். அவருடைய 34 சதங்களில் 13 அந்த அணிக்கு எதிரானவை. அவற்றில் நான்கு, ஆஸ்திரேலியத் தொழிலதிபர் பாக்கர் நடத்திய தனியார் கிரிக்கெட் தொடருக்குப் போன முன்னணி வீரர்கள் இல்லாத 1978-79 அணிக்கு எதிராக வந்தவை என்பது உண்மை. ஆனால் 1983 சென்னை டெஸ்ட்? ரன் கணக்கே தொடங்காமல் மார்ஷலிடம் இரண்டு விக்கெட் பறிபோன நிலையில் நான்காவதாக இறங்கி, கடைசிவரை ஆட்டமிழக்காமல் 236 அடித்தார்.