மூலை வாசல் வைத்த வீடு

அன்புள்ள ஐயா,

சிட்னியில் பால்மெயின் பகுதியில் வாடகைக்கு இருக்கிறோம். தெருமுனையில் பழைய மாடி வீடு. சுவரின் முனையைச் சீவி அங்கே வாசல் வைத்திருக்கிறார்கள். முன்கூடத்தில் ஆள் உயரத்துக்கு டைல்ஸ். "இது முன்னே ஹோட்டல்" என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். சாப்பாட்டுக் கடையா? எங்கே தேடலாம்?

க., சிட்னி

அன்புள்ள க.,

சாப்பாட்டுக் கடை இல்லை, பப். அங்கே பப்புக்கே ஹோட்டல் என்றுதான் பெயர். மது விற்க உரிமம் வேண்டுமென்றால் தங்குவதற்கு அறையும் வைத்திருக்க வேண்டும் என்பது பழைய சட்டம். மாடியில் சின்னச் சின்ன அறைகள் வரிசையாக இருக்கின்றனவா, பாருங்கள்.

டைல்ஸுக்கு ஒரு கதை உண்டு. 1916 முதல் நியூ சவுத் வேல்ஸில் மாலை ஆறு மணிக்கு பப்பை மூடியாக வேண்டும். ஐந்து மணிக்கு வேலை விட்டு வருபவனுக்கு ஒரே ஒரு மணி நேரம். மோர்ட்ஸ் டாக்கில் கப்பல் பழுதுபார்த்தவர்களும் சோப்பு ஆலைக்காரர்களும் நெருக்கியடித்து, நின்றபடியே குடித்தார்கள். இடம் வேண்டுமே, நாற்காலி மேசைகள் போயின. சிந்தியதைத் தண்ணீர் அடித்துக் கழுவ டைல்ஸ் வந்தது. 1955 வரை இதே கதி. நாளெல்லாம் உழைத்தவனை இப்படி அவசர அவசரமாகக் குடிக்க வைத்த அந்தச் சட்டத்தின் மேல் எனக்கு இன்றும் கோபம்தான்.

ஆனால் அந்த வீட்டைக் குடியோடு மட்டும் சேர்த்துப் பார்க்காதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரண விசாரணைகூட பப்பில் நடந்தது. கூடிப் பேச வேறு பொது இடம் குறைவு. 1890இல் கப்பல் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோற்றது. அந்தச் சூடு ஆறுவதற்குள், 1891 ஏப்ரலில், தொழிற்கட்சியின் ஆரம்பக் கிளைகளில் ஒன்று பால்மெயினின் யூனிட்டி ஹால் ஹோட்டலில் உருவானது என்று ஊர்க்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள்.

சரி, தேடுவதற்கு வருவோம். முதலில் சாண்ட்ஸ் டைரக்டரி. 1858 முதல் 1933 வரை, தெரு வாரியாக யார் எங்கே இருந்தார்கள் என்று அதில் இருக்கும். சிட்னி மாநகராட்சி ஆவணக் காப்பகத்தின் தளத்திலேயே படிக்கலாம். அப்புறம் டூத் என்ற பீர் ஆலையின் அட்டைகள். ஏராளமான பப்கள் அதன் பிடியில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அட்டை போட்டு, நடத்தியவர் பெயர், வாங்கிய பீர் அளவு, புகைப்படம் எல்லாம் சேர்த்து வைத்தார்கள். கான்பராவில் நோயல் பட்லின் ஆவணக் காப்பகத்தில் அவை இருக்கின்றன. உங்கள் வீட்டின் அட்டை கிடைத்தால் 1950களின் கடைசிக்குப் பிந்தைய பீர் கணக்கை அவசியம் பாருங்கள். மோர்ட்ஸ் டாக் மூடிய சமயம் அது.

அதற்கு முன்னால், அந்தப் பெரியவரை ஒருநாள் வீட்டுக்குள் அழையுங்கள். பார் எந்தப் பக்கம் இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம்.