ஐ.பி. கொடுத்தால் மற்ற கடன்களும் வழக்குகளும் என்ன ஆகும்?

'கடனை அடைக்க வழியில்லை' என்று நாகர்கோவில் கோர்ட்டில் ஒருவர் போடும் திவால் மனுதான் ஐ.பி.; ஊர்ப் பேச்சில் மஞ்சள் கடுதாசி. சென்னைக்கு வெளியே தனிநபர்களுக்கு 1920-ஆம் ஆண்டு மாகாண நொடிப்புநிலை (அதாவது திவால்) சட்டம்தான். திவாலானவர் என்று கோர்ட் அறிவித்ததும் சொத்து அதன் பொறுப்புக்குப் போகும். அனுமதியில்லாமல் யாரும் புதிதாகக் கடன் வழக்குப் போட முடியாது. குளச்சல் கரைக்கு வரும் மீனை ஆளாளுக்கு அள்ளாமல், ஏலம் விட்டுப் பங்கு வைப்பதில்லையா, அது மாதிரி.

ஆனால் வீட்டை அடமானம் பிடித்த வங்கிக்கு அந்த வீட்டின் மேல் உள்ள உரிமை போகாது. கடைசியில் கடன் விடுதலை கிடைத்தாலும் அரசுப் பாக்கி, மோசடிக் கடன், கோர்ட் விதித்த ஜீவனாம்சம் தீராது. எனக்கு மனசு வலிப்பது ஜாமீன் போட்டவரை நினைத்துத்தான். மச்சானுக்காகப் போட்ட ஒரே கையெழுத்து, மச்சான் விடுபட்ட பிறகும் அவரை விடாது.

அப்புறம், மனு போட்ட அன்றே எல்லாம் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். மனு மட்டும் எதையும் தானாக நிறுத்தாது, கோர்ட் உத்தரவு வேண்டும்.