மரமேறும் போட்டி, மீட்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

கயிறு கட்டி மரமேறிக் கிளை கழிக்கும் வேலைக்கு வந்து மூன்று வருடமாகிறது. கூட வேலை செய்பவர்கள் மரமேறும் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொல்கிறார்கள். இரண்டு நாள் கூலி போகும், கட்டணம் வேறு. வேகமாக ஏறுபவர்கள் நடுவே நான் போய் நின்றால் சிரிக்க மாட்டார்களா? வேடிக்கை பார்க்க மட்டும் போனால் பயனுண்டா? ஏறுகயிற்றைப் பிடித்து நிறுத்தும் முடிச்சை விட்டுவிட்டு, அதே வேலையைச் செய்யும் இயந்திரக் கருவிக்கு மாறலாமா என்பதையும் சொல்லுங்கள். மீட்புச் சுற்று என்று ஒன்று இருக்கிறதாம். பொம்மையை இறக்கும் நாடகம் என்கிறார்கள், அப்படித்தானா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடைசிக் கேள்விக்காகத்தான் பதில் எழுதுகிறேன். மற்றதை முதலில் முடித்துவிடலாம்.

சிரிக்க மாட்டார்கள். அங்கே அவரவருக்கு அவரவர் கயிற்றின் கவலை. கூலிக் கணக்கு உங்கள் வீட்டு விஷயம், நான் தலையிடுவதற்கில்லை. வேகத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. வேக ஏற்றத்தில் மேலிருந்து வரும் காப்புக் கயிற்றில் உங்களைப் பிணைத்துவிடுவார்கள். கிளைக்குக் கிளை கைகால் வைத்து ஏறி உச்சி மணியை அடித்தால் முடிந்தது. பார்க்க நன்றாக இருக்கும். மறுநாள் வேலைக்கு அதிலிருந்து எடுத்துப்போக ஒன்றுமில்லை.

ஐ.எஸ்.ஏ. என்ற சர்வதேச மரவியல் சங்கம் 1976-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் தொடங்கிய போட்டியிலிருந்து வளர்ந்து வந்த வடிவம் இது. எறிகயிறு, கயிற்றேற்றம், வேக ஏற்றம், பணியேற்றம், மீட்பு என்று ஐந்து சுற்றுகள். இவற்றில் முன்னிற்பவர்களுக்கு எல்லாவற்றையும் ஒரே மரத்தில் செய்துகாட்டும் இறுதிச் சுற்று. பணியேற்றம் ஒன்றைப் பார்க்கவே ஒரு நாள் கூலியை விடலாம். அதில் கிளை மீது நடந்து நுனிக்குப் போய் மணியடிக்கும் இடம் உண்டு. கிளையை அதிகம் அழுத்தினால் எச்சரிக்கை ஒலி கேட்கும், புள்ளி போகும். புதியவர்கள் காலில் கவனம் வைத்து, கயிற்றைத் தளரவிட்டு நடக்கிறார்கள். தேர்ந்தவர் கயிறு போட்ட கவையைப் பாருங்கள், எவ்வளவு உயரத்தில் இருக்கிறதென்று. கவைக்குக் கீழே நீங்கள் நிற்கும் ஆழமும், தண்டிலிருந்து வெளியே வந்த தூரமும் சமமாகும்போது கயிறு 45 பாகையில் சாய்கிறது. அதற்கு மேலும் வெளியே போனால் கயிறு உங்களைத் தூக்கிப் பிடிப்பது குறைந்து, தண்டை நோக்கி இழுப்பதுதான் மிஞ்சும். எடையில் பெரும்பகுதி கிளைக்கு இறங்கும். அதனால்தான் அவர் கவையை உயரத்தில் எடுத்து, கயிற்றில் சாய்ந்தபடி பக்கவாட்டில் நகர்கிறார். இதைச் சொல்லிக் கொடுத்தால் புரிந்த மாதிரி இருக்கும். பத்துப் பேர் ஒரே கிளையில் அடுத்தடுத்து நடப்பதைப் பார்த்தால் புரிந்தே விடும்.

சரி, நாடகத்துக்கு வருகிறேன்.

அப்படிச் சொன்னவரிடம் ஒன்று கேளுங்கள். நாளை நீங்கள் பதினைந்து மீட்டர் உயரத்தில் மயங்கித் தொங்கினால் உங்களை இறக்க அந்த இடத்தில் யார் இருக்கிறார்? மீட்க ஏறுபவருக்கான இரண்டாவது ஹார்னஸ், அதாவது இடுப்பு வார், வண்டியில் இருக்கிறதா, கிடங்கில் பூட்டிக் கிடக்கிறதா? நீங்களும் மூன்று வருடம் ஏறியிருக்கிறீர்கள், ஒரு முறையாவது இன்னொருவரைச் சுமந்து இறங்கிப் பார்த்ததுண்டா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வேகத்தைப் பற்றி விசாரிக்கத் தோன்றியிருக்கிறது. கோபமாக எழுதுகிறேன் என்றால் எழுதுகிறேன்தான். ஹார்னஸில் அசைவில்லாமல் தொங்கும் மனிதர் காயமே இல்லாவிட்டாலும் சில நிமிடங்களில் நினைவிழக்கக்கூடும். மீட்பு வண்டி வந்து, ஏணி நீட்டி, கிளைகளுக்குள் வழி கண்டுபிடிக்கும்வரை அவர் பொறுத்திருக்க முடியாது. (இறக்கியதும் படுக்க வைக்கக் கூடாது, உட்கார வைக்க வேண்டும் என்றொரு பழைய உபதேசம் இன்னும் சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் இல்லை என்று பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஹெச்.எஸ்.இ. 2009-லேயே ஆய்வறிக்கை வெளியிட்டுவிட்டது. நினைவில்லாதவரைப் படுக்க வைத்து வழக்கமான முதலுதவியைச் செய்யுங்கள்.)

போட்டியில் பொம்மை மேலே தொங்கும். நடந்தது என்னவென்று நடுவர் வாசிப்பார், கடிகாரம் ஓடத் தொடங்கும். போட்டியாளர் ஏறுவதைப் பார்வையாளர்கள் கவனிப்பார்கள். நீங்கள் அதற்கு முந்தைய அரை நிமிடத்தைக் கவனியுங்கள். உதவிக்கு அழைத்தாரா? மேலே இருப்பவரைக் கூப்பிட்டுப் பேசினாரா? மின்கம்பி, முறிந்து தொங்கும் கொப்பு, இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் செயின் சா இவற்றைத் தேடினாரா? அடிபட்டவர் தொங்கும் கவை இன்னொருவரையும் தாங்குமா என்று பார்த்தாரா? பாராமல் அதே கயிற்றில் ஏறுகிறவர், அடிபட்டவரை வீழ்த்தியது எதுவோ அதற்குள்ளேயே போகிறார்.

மேலே போனபின் எல்லாமே வரிசைதான். முதலில் அவரை உங்களோடு பிணைக்க வேண்டும். பிறகு அவர் எடையை உங்கள் கயிற்றுக்கு வாங்க வேண்டும். அதற்குப் பிறகே அவருடைய பிணைப்புகளை விடுவிக்க வேண்டும். 'பிணைப்புகள்' என்று பன்மையில் சொல்கிறேன். ஏறுகயிறு தவிர, தண்டைச் சுற்றிய லேன்யார்டு என்ற குட்டைக் கயிறு ஒன்று இருக்கும், பெரும்பாலும் இலைக்குப் பின்னால். அதை மறந்து இறங்கத் தொடங்கினால் ஒரு மீட்டரில் இரண்டு பேரும் சிக்கி நிற்பீர்கள். இப்போது அந்த லேன்யார்டு முறுக்கேறி இருக்கிறது, அதன் காரபினர் கொக்கி திறக்காது. மறுபடி எடையைத் தூக்கினால்தான் கழற்ற முடியும். தூக்கத் தெம்பு இருக்காது. கிளை நுனியில் இருப்பவர் என்றால் இன்னும் மோசம். லேன்யார்டை அவசரப்பட்டுக் கழற்றினால் அவர் ஊசலாடித் தண்டில் மோதுவார், நீங்களும் கூடவே.

இறங்கும்போதுதான் முடிச்சு உங்கள் வேஷத்தைக் கலைக்கும். தனியாளுக்குச் சரியாகப் பிடித்த முடிச்சு இரண்டு பேர் எடையில் இறுகி, விரலுக்கு அசையாமல் போகும். முடிச்சில் சுற்று குறைவாக இருந்தாலோ வழுக்கி ஓடும், ஓடினால் சூடேறும். கயிறு நார்களில் டைனீமா சுமார் 145 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், முடிச்சுக்கயிறாக ஆகவே ஆகாது. பாலியெஸ்டர் உருக சுமார் 250 ஆகும். அராமிட் என்ற நார் உருகாது, இன்னும் மேலே போனால் கருகும். முடிச்சுக்கயிறுகளில் அராமிட் சேர்ப்பது இதற்காகத்தான். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் நண்பரை உங்களோடு கட்டித் தொங்கவிட்டு, முடிச்சு நகர்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.

இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. நிலைக்கயிற்றில், அதாவது கவை மேல் ஓடாமல் நிற்கும் கயிற்றில், ஏறுகிறவர் அதன் மறுமுனையை அடிமரத்தில் வெறுமனே கட்டிவிட்டுப் போவதற்குப் பதிலாக, அங்கே எட்டு வடிவ வளையத்தையோ இறக்குகருவியையோ வைத்துப் பூட்டினால், கீழே நிற்பவர் மரமேறாமலே அவரை இறக்கலாம். கயிறு போதுமா என்பதுதான் கேள்வி. கவை 20 மீட்டரில் இருந்தால் அடியிலிருந்து கவைக்கு 20, கவையிலிருந்து தரைவரை தொங்குவது 20, இறக்குவதற்குக் கைவசம் 20. ஆக 60 மீட்டர். நாற்பத்தைந்து மீட்டர்க் கயிற்றை வைத்துக்கொண்டு இந்த அமைப்பைக் கட்டுகிறவர், அடிபட்டவரைக் கால்வாசித் தூரத்தில் நிறுத்திவிட்டுக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அடியில் கட்டினால் மேலே கவைக்கு ஏறக்குறைய இரட்டைப் பாரம் என்பதும் நினைவிருக்கட்டும், பட்ட கிளைப் பக்கம் போகாதீர்கள். தண்டைச் சுற்றிய லேன்யார்டு இருந்தால் இந்த வழியும் பயன்படாது. மறுபடி அதே லேன்யார்டு.

எனவே போங்கள். இந்த முறை போட்டியாளராக வேண்டாம், உதவியாளராகப் பெயர் கொடுங்கள். பெரும்பாலான போட்டிகளில் ஆள் பற்றாக்குறை. மீட்பு மரத்தடியில் நிற்கக் கேளுங்கள். ஒவ்வொருவர் முடித்ததும் பொம்மையை மறுபடி மேலே ஏற்றிப் பழைய மாதிரி கட்ட வேண்டும், அந்த வேலை உங்களுக்கு வரும். அடுத்த வருடம் போட்டியிடுங்கள், மீட்பில் மட்டும் ஒழுங்காகச் செய்தால் போதும்.

கருவி கேட்டிருந்தீர்களே. போட்டிக்கு முன்பு உபகரணப் பரிசோதனை நடக்கும். ஒவ்வொருவர் சாமானையும் மேசையில் பரப்பித் தையல், தேய்மானம், காரபினர் தானே பூட்டிக்கொள்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். அந்த மேசையருகே ஒரு மணி நேரம் நின்று, எந்தக் கருவி எங்கே தேய்கிறதென்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அதுவரை முடிச்சே போதும்.